காற்று கசியும் இரண்டு இடங்கள்

அதியமான்கோட்டை,
செப்டம்பர் 19, வியாழக்கிழமை.

அன்பு மகள் பூவிழிக்கு அம்மா எழுதுவது. இங்கே என் உடம்பில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது, அந்த ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே உன் கண்ணும் கன்னமும் உதடும் நாளுக்கு நாள் தேறிவர வேண்டும், மாப்பிள்ளை பிரபாகர் வேலையிலும் உடம்பிலும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ பாதியிலேயே பரவாயில்லைம்மா என்று சொல்லிவிடுவாய், நானும் அதுதான் சாக்கென்று விட்டுவிடுவேன். எழுத உட்கார்ந்தால் முழுவதும் எழுதித்தான் ஆக வேண்டும். பக்கத்து வீட்டுக் கனிமொழி இந்தப் பக்கங்களைப் படமெடுத்து இன்றே உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். அவள் படித்துவிடுவாளே என்று நினைக்காதே, படிக்க அவளுக்கு உரிமை இருக்கிறது, ஏன் என்று போகப் போகத் தெரியும்.

கான்வென்ட் விடுதியில் எங்களுக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தப்பு செய்தவள் அதை ஒரு தாளில் தானே எழுதி, சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோர் எதிரிலும் நின்று வாசிக்க வேண்டும். காரணம் சொல்லக் கூடாது, தப்பை மட்டும் சொல்ல வேண்டும். இண்டூரில் களத்துமேட்டில் வளர்ந்த பெண் நான், ஆறு வருஷ விடுதி வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் அப்படி நின்றேன், அதை இன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இது இரண்டாம் தடவை. போன ஞாயிற்றுக்கிழமை நீ குழலில் வாசித்து அனுப்பிய ஏழு நிமிஷக் கல்யாணி ராகத்தைக் கேட்டுவிட்டு, சேருது என்று உனக்குச் சொன்னேன். அதை நம்பி நீ திங்கட்கிழமையே டிசம்பர் கச்சேரிக்கு ஒப்புக்கொண்டு சபாவுக்கு எழுதிவிட்டாய். அது சேரவில்லை பூவிழி. என் காது சரியில்லை என்ற சந்தேகம் எனக்கே இரண்டு வருஷமாக இருந்தும் அதை மறைத்துக்கொண்டு உனக்குத் தீர்ப்புச் சொன்னேன். தப்பு இவ்வளவுதான். கான்வென்ட் சட்டப்படி இங்கே உட்கார்ந்துவிட வேண்டும், ஆனால் நீ என் மகள், நடந்ததெல்லாம் உனக்குத் தெரிய வேண்டும்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. தெரியாத ஒருத்தியிடம் நீ ஏன் கேட்கிறாய் என்று மாப்பிள்ளை ஒரு தடவை உன்னிடம் கேட்டாராம், நீ சிரித்தாயாம். நியாயமான கேள்விதான். உனக்கு ஒன்பது வயது இருக்கும்போது எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் நடனத்துக்குக் குழல் வாசிக்க சேலத்திலிருந்து அர்ச்சுனன் சார் வந்திருந்தார், ரயில்வே ஆபீசில் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாத்தியார். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் மேசைமேல் கிடந்த குழலை நீ எடுத்து ஊதினாய், முதல் ஊதலிலேயே சத்தம் வந்துவிட்டது. அடுத்தவர் பொருளைத் தொட்டதற்கு நான் உன் கையில் ஒன்று வைத்தேன். அவர் ஓடி வந்து, அடிக்காதீங்க டீச்சர், இந்தச் சத்தம் வர்றதுக்கு எனக்கு மூணு வாரம் ஆச்சுங்க, பாப்பாவ ஞாயித்துக்கிழமை சேலத்துக்குக் கூட்டியாங்க என்றார். பழகுவதற்குத் தன்னிடமிருந்த சின்னக் குழல் ஒன்றையும் கொடுத்தனுப்பினார். அதில் எத்தனை பேர் வாய் வைத்தார்களோ என்று எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு விடுமுறை நாளில் நீ விளையாடப் போன நேரத்தில், பால் பாட்டிலைக் கொதிக்க வைப்பதுபோல அதைக் கொதிநீரில் போட்டு எடுத்து மொட்டை மாடி வெயிலில் காய வைத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் நீளவாக்கில் பிளந்து கிடந்தது. அடுத்த ஞாயிறு நானும் உன்னோடு பஸ் ஏறினேன். வாத்தியாரு டீச்சருக்கு என்ன தண்டனை குடுக்கிறார்னு பாத்துட்டுத்தான் திரும்பணும் என்று உன் அப்பா தொப்பூர் கணவாய் இறங்கும் வரை சிரித்துக்கொண்டே வந்தார். அர்ச்சுனன் சார் பிளந்த குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, டீச்சர், பிள்ளையக் குளிப்பாட்டுங்க, குழலைக் குளிப்பாட்டாதீங்க, எச்சில் பட்டுப் பட்டுத்தான் மூங்கில் பழகும் என்றார். திட்டாமல் இன்னொரு குழலை எடுத்துக் கொடுத்தார். அந்த மனுஷருக்கு நான் எப்படி நன்றி சொல்லி முடிப்பேன். எச்சில் என்றால் ஒரு டம்ளரைக்கூடத் தனியாக வைக்கிறவள் நான், அதற்குப் பிறகு உன் குழலை மட்டும் கழுவவே இல்லை.

பிறகு வருஷக்கணக்கில் காலை ஐந்தரைக்கு பஸ். வீட்டில் நீ ஒரே ஸட்ஜமத்தை அரை மணி நேரம் நிறுத்தி ஊதுவாய், நான் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். முப்பத்திரண்டு வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவளுக்கு, ஒரு வரி ஒத்துவரவில்லை என்றால் ஏன் என்று தெரிவதற்கு முன்பே கண்ணில் உறுத்தும். காதுக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. தலையைத் தூக்காமலே சேரல என்பேன், நீ மறுபடி ஊதுவாய். சரியாக வந்தால் சேருது என்பேன். இந்த இரண்டு வார்த்தைக்கு மேல் உன் வாசிப்பைப் பற்றி நான் எதுவும் சொன்னதில்லை. சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. உங்கம்மா சேரலைன்னா சேரலைதான் கண்ணு, இதுக்கு மேல்கோர்ட்டு கிடையாது என்பார் உன் அப்பா. அர்ச்சுனன் சார்கூட ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்த்ததும், வூட்டுல டீச்சர் என்ன சொன்னாங்க என்றுதான் முதலில் கேட்பார். பத்தொன்பது வயதில் ரேடியோ தேர்வுக்குப் போவதற்கு முதல் நாள் நான் சேரல என்று சொன்னதும், நீ அழுதுகொண்டே போய்த் தோற்றுவிட்டு வந்ததும் நினைவிருக்கும். ஒரு நாள் பொய் சொன்னா உன் வாய் என்ன அழுகியா போயிடும் என்று உன் அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நீ மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்த இடத்துலம்மா சேரல என்று கேட்டாய். அடுத்த வருஷம் தேறினாய். அதிலிருந்து ரேடியோவில் பி கிரேடு, பி ஹை, ஏ கிரேடு என்று ஏறப் பன்னிரண்டு வருஷம். மத்தியான ஒரு மணிக் கச்சேரிகளில் பதினோரு பேர் உட்கார்ந்திருப்பார்கள், அதில் இரண்டு பேர் நானும் அப்பாவும், மூன்று பேர் ஏ.சி.க்காக வந்தவர்கள். அப்போதும் நீ ஆயிரம் பேருக்கு வாசிக்கிற மாதிரியே வாசித்தாய். அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது, ஏ கிரேடை அவர் பார்க்கவில்லை, அர்ச்சுனன் சார் பார்த்துவிட்டுத்தான் போனார். நீ ரோட்டர்டாம் போய் அங்கே இசைக் கல்லூரியில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஸரிகம சொல்லிக் கொடுப்பதை வீடியோவில் பார்க்கும்போதெல்லாம், அந்த மேசையில் கிடந்த குழலை நினைத்துக்கொள்வேன்.

அப்படிப்பட்ட உனக்கு இந்தப் பிப்ரவரியில் ஒரே காலையில் இடது பக்க முகம் விழுந்துபோனது. வீடியோவில் நீ சிரித்தாய், சிரிப்பு ஒரு பக்கம் மட்டும் போனது. நரம்பில் வீக்கம், பெரும்பாலும் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாய், அந்தப் பெரும்பாலும் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாசம் இருந்தேன். ஏப்ரலில் வாயில் தண்ணீர் வைத்தால் ஓரமாக வழியவில்லை என்று நீ சொன்ன வாரம் தேய்பிறை அஷ்டமி வந்தது, நம் காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணியில் விளக்கேற்றி வைத்தேன். மே மாசம் ஒரு பதிவு அனுப்பினாய், ஜூலையில் ஒன்று, இப்போது இது. மூன்றுக்கும் நான் சேருது என்றே சொன்னேன். மூன்றாவதைச் சொன்னபோது மட்டும் அதன்மேல் ஒரு கச்சேரி உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. அம்மா, உதட்டோரம் காத்து ஒழுகுதான்னு எனக்கே தெரியலைம்மா, ஒரு நாள் கேட்டா இருக்கிற மாதிரி இருக்கு, ஒரு நாள் பயந்தான் அப்படிக் கேக்க வைக்குதோன்னு இருக்கு, இவரு நல்லாருக்குன்னுதான் சொல்லுவாரு, நீ சேருதுன்னு சொன்னா ஒத்துக்கறேன், சேரலைன்னா இந்த வருஷம் வேண்டாம்னு எழுதிடறேன் என்றாய். முதல் முறையாக சாயங்கால ஆறு மணிக் கச்சேரி, இருபது வருஷம் மத்தியானத்தில் வாசித்ததற்குப் பிறகு கிடைத்தது. என் காதில் அந்தக் கல்யாணி கண்ணாடி மாதிரி விழுந்தது, ஒரு கீறல் இல்லை. மனசு நிறைந்துபோய் சேருது என்று சொல்லிவிட்டேன்.

அன்று மத்தியானம் கனிமொழி ரவிக்கை அளவு பார்க்க வந்தாள். தையல் வேலை செய்கிற பெண், உனக்குத் தெரியும். டிசம்பரில் சென்னைக்குக் கட்டிக்கொண்டு போக எடுத்த அரக்குப் புடவைக்கான ரவிக்கை. பெருமை தாங்காமல் உன் பதிவை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவள், ஏனுங்க டீச்சரம்மா, அக்கா ஃபேனு போட்டுட்டு பதிவு பண்ணுனாங்களாங்க, நடுவால ஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதுங்களே என்றாள். உன் காதில் தையல் மிஷின் ஓடுகிறது என்றேன். இல்லைங்க, இருக்குதுங்க என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது, முதுகைக் காட்டி உட்கார், அந்தச் சத்தம் வரும்போது கையைத் தூக்கு என்றேன். மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் அவள் அதே இரண்டு இடத்தில்தான் கையைத் தூக்கினாள். அந்த இரண்டு இடத்திலும் எனக்குக் குழல் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அவளுக்குச் சங்கீதமும் தெரியாது, என் மேல் பயமும் உண்டு, பொய் சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

அவளை அனுப்பிவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். இந்த வருஷத்தில் மட்டும் குக்கருக்கு இரண்டு கேஸ்கட் மாற்றியிருக்கிறேன், விசில் வரவில்லை, ரப்பர் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டையும் போட்டேன். போன மாசம் பருப்பு கருகியபோது கனிமொழி ஓடி வந்து, ஏழு விசிலு ஆச்சுங்க, வூடு பூரா புகைங்க, உங்களுக்குக் கேக்கலைங்களா என்று கேட்டாள், நான் பூஜையில் இருந்தேன் என்று சொல்லிவிட்டேன். மழை பெய்தால் ஹைவேயில் டயர் ஈரத்தில் போகும் சத்தம் வீட்டுக்குள் வரும், இரண்டு மழைக்காலமாக அது இல்லை, ரோடு நன்றாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இதற்கெல்லாம் ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று கணக்கு டீச்சருக்குத் தெரியாதா, தெரியும். காதில் மெஷின் மாட்டிக்கொண்டு நான்கு பேர் முன்னால் போக எனக்கு மனசில்லை, அதுதான் உண்மை. நீ இரண்டு தடவை காது டெஸ்ட் எடும்மா என்று சொன்னபோதும், எனக்கு என்ன வயதாகிவிட்டது என்று வாயை அடைத்தேன். எழுபத்து நான்கு வயதாகிவிட்டது.

நேற்றுக் காலை காது டெஸ்ட் எடுக்கத் தருமபுரி போனேன். ஒரு சின்ன அடைத்த அறையில் உட்கார வைத்து, காதில் மாட்டிவிட்டு, ஆயா, சத்தம் கேட்டா இந்தப் பட்டனை அமுக்குங்க என்றாள் டெஸ்ட் எடுக்கிற பெண். ஆயா என்று கூப்பிடாதே, டீச்சர் என்று கூப்பிடு என்றேன். அவளும் சரிங்க டீச்சர் என்றாள். முதலில் வந்த சத்தங்களுக்கெல்லாம் சரியாக அமுக்கினேன். அப்புறம் ஒன்றுமே வரவில்லை. தேர்வில் ஒரு கேள்வியை விட்டு எனக்குப் பழக்கமில்லை, இந்நேரம் வந்திருக்கும் என்று நானே ஒரு கணக்குப் போட்டு அமுக்கினேன், இன்னொரு தடவையும் அமுக்கினேன். அந்தப் பெண் கதவைத் திறந்து, டீச்சர், இப்ப நான் சத்தமே குடுக்கலைங்க என்றாள். காப்பியடித்த பிள்ளைகள் எத்தனை பேரை எழுந்து நிற்க வைத்திருப்பேன். மன்னித்துக்கொள்ளம்மா, மறுபடி முதலிலிருந்து வை என்றேன், இந்தத் தடவை கேட்டதற்கு மட்டும் அமுக்கினேன். படம் போட்டுக் காட்டினாள், அதில் ஒரு கோடு தாளின் இடது ஓரத்திலிருந்து சமமாக வந்து, வலது ஓரத்தில் தொப்பூர் இறக்கம் மாதிரி இறங்குகிறது. கீழ்ச் சத்தம் நல்லாவே கேக்குதுங்க, மேல் சத்தந்தான் வரலைங்க, காத்துச் சத்தம், விசிலு, இதெல்லாம் உங்களுக்கு இல்லாத மாதிரியே இருக்கும் என்று விளக்கினாள். காற்றுச் சத்தம் என்று அவள் சொன்னதும் எனக்கு வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குழல் கண்ணாடி மாதிரி விழுந்ததென்றால், கீறலைக் காட்டுகிற சத்தம் மட்டும் என் காதுக்குள் நுழையவில்லை என்று அர்த்தம்.

இரண்டு காதுக்கும் மெஷின் மாட்டி, ஒரு வாரம் வைத்துப் பாருங்க என்று அனுப்பினாள். நான் நினைத்த மாதிரி பெரிதாக இல்லை, முடிக்குள் மறைந்துவிடுகிறது, அதைச் சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது. வெளியே வந்ததும் என் புடவை சரசரத்தது, பஸ் டிக்கெட்டை மடித்தால் அதற்கும் ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து கையைக் கழுவியதும் நேராக உன் பதிவைப் போட்டேன். நான்காவது நிமிஷத்தில் ஓரிடம், ஆறாவது நிமிஷம் தொடங்கியதும் ஓரிடம். கனிமொழி கையைத் தூக்கிய அதே இடங்கள். மேலே போய் நிற்கும்போது இல்லை, மேலே இருந்து இறங்கத் திரும்பும் நேரத்தில், ஒரு மூச்சு அளவுக்குக் காற்று ஓரமாகப் போகிறது. எதனால் என்று சொல்ல எனக்குத் தெரியாது, எங்கே என்று மட்டும் சொல்கிறேன், எப்போதும் அப்படித்தானே. பிறகு ஜூலைப் பதிவைக் கேட்டேன், ஐந்து இடம். மே மாசத்துப் பதிவில் ஒன்பது இடம், நடுவில் ஒரு முறை நீ நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கியிருக்கிறாய், அந்த இடத்தில் நீ மூக்கை உறிஞ்சுகிறாய். அழுதிருக்கிறாய் பூவிழி. அன்றைக்கு அது என் காதில் விழவில்லை, நான் சேருது என்று சொல்லிவிட்டு, அங்கே குளிரா என்று கேட்டேன்.

மூன்றையும் தாளில் வரிசையாக எழுதினேன். ஒன்பது, ஐந்து, இரண்டு. இவ்வளவு நாள் உனக்கு நான் கொடுத்த பொய் ஆறுதலைவிட இந்த மூன்று எண் எவ்வளவோ நல்ல ஆறுதல். என் காது ஒழுங்காக இருந்திருந்தால் ஜூலையிலேயே உனக்கு இதைச் சொல்லியிருப்பேன், நீயும் பயம்தானோ நிஜம்தானோ என்று தனியாகத் திண்டாடியிருக்க மாட்டாய். காற்று இருக்கிறது, குறைந்துகொண்டு வருகிறது. இரண்டும் உண்மை.

இனி என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். என் வார்த்தையை நம்பி நீ கொடுத்த ஒப்புதல் உன்னைக் கட்டாது, அந்த வார்த்தையே தவறு. ஆனால் வேண்டாம் என்று எழுது என்றும் நான் சொல்ல மாட்டேன், இரண்டு என்பது டிசம்பருக்குள் என்ன ஆகும் என்று கணக்கில் சொல்லலாம், உதட்டில் சொல்ல முடியாது. சபாச் செயலாளர் சந்திரமோகன் அவர்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுது. பிப்ரவரியில் இப்படி ஆனது, இப்போது இந்த அளவில் இருக்கிறது, அக்டோபர் கடைசியில் உறுதி சொல்கிறேன், அதுவரை என் பேரை அச்சிடாமல் இடத்தை வைத்திருக்க முடியுமானால் வையுங்கள், முடியாதென்றால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை என்று. வருத்தமில்லை என்று எழுதினால் போதும், இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நிகழ்ச்சி நிரல் இந்த மாசம் முப்பதாம் தேதி அச்சுக்குப் போகிறது என்றாயே, அதற்குள் கடிதம் போக வேண்டும். காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும், அந்த இடத்துக்காகக் காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்கும் தெரியாமல் நாம் ஒரு சந்தேகத்தை மேடையில் ஏற்றக் கூடாது. அவர்கள் இடத்தைக் கொடுத்துவிட்டால் மறுபடி கூப்பிட எத்தனை வருஷம் ஆகுமோ, கூப்பிடாமலே போனாலும் போகலாம், அது தெரிந்துதான் சொல்கிறேன். அந்தக் கச்சேரியை உன்னைவிட அதிகமாக ஆசைப்பட்டது நான்.

ஆசைப்பட்டு ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தேன். இண்டூரில் உன் மாமா முனியப்பன் பத்து பேருக்கு வேன் பேசிவிட்டான். இன்று காலை கூப்பிட்டு, கச்சேரி இன்னும் முடிவாகவில்லை, நான்தான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்றேன். உன் வாயில இருந்து தப்புன்னு வர்றதுக்கே வேனு பேசலாம்க்கா என்றான். அப்புறம் அவனே, வண்டி சொன்னது சொன்னதுதான், பாட்டு இல்லைன்னா மகாபலிபுரம் பாத்துட்டு வர்றோம், நீ புள்ளையத் திட்டாத என்றான். தக்காளி இந்தத் தடவை அவனைக் கைவிட்டுவிட்டது, கேழ்வரகு நன்றாக வந்திருக்கிறது, உனக்கு மாவு அரைத்து அனுப்புகிறேன் என்கிறான். என் கான்வென்ட் தோழிகள் இரண்டு பேருக்கும் போன் செய்து சொன்னேன், காது மெஷினைப் பற்றியும் சொன்னேன். ஒருத்தி, ஏய் காவேரி, நான் மூணு வருஷமா மாட்டியிருக்கேன், நீ எங்கிட்ட ஒரு நாளாவது கவனிச்சியா என்று கேட்டாள். கவனிக்கவில்லை. அரக்குப் புடவையைப் பெட்டியில் வைத்துவிட்டேன், ரவிக்கையைத் தைத்து முடிக்கத்தான் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவு எழுதியும் என் மனசில் வருத்தத்தைவிட நன்றிதான் அதிகமாக இருக்கிறது, அதை எழுதாமல் முடித்தால் இது பாதிக் கடிதம். ஃபேன் சத்தம் வருகிறதே என்று பயப்படாமல் கேட்ட கனிமொழிக்கு நன்றி, அவளிடம் நேரிலேயே சொன்னேன், அவள் ஐயோ விடுங்க என்று ஓடிப்போனாள். திரும்பி வந்த உன் நரம்புக்கு நன்றி. தினமும் கண்ணாடி முன் நின்று உன்னோடு கன்னப் பயிற்சி செய்கிற மாப்பிள்ளைக்கு நன்றி, அவரும் சேர்ந்து கன்னத்தை உப்ப வைப்பதை வீடியோவில் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக உனக்கு. நாற்பத்திரண்டு வயதில், இரண்டு நாட்டுக் கலைஞர்கள் உன்னைப் பெயர் சொல்லி மதிக்கிற காலத்தில், சங்கீதம் தெரியாத அம்மாவிடம் சேருதா என்று நீ கேட்கிறாய். அந்த மரியாதைக்கு நான் தகுதியாக இருக்க வேண்டுமே என்றுதான் நேற்று தருமபுரி பஸ் ஏறினேன், இல்லாவிட்டால் இன்னும் இரண்டு கேஸ்கட் வாங்கியிருப்பேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய டிசம்பர் கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்து சேர்ந்தது என்று சொன்னேனே, அதையும் அடித்துவிடு, அன்றைக்கு எனக்குப் பாதிதான் கேட்டது. அதற்கு முன்னால் சொன்ன ஒவ்வொரு சேருதும் நிஜம். அவற்றை நீ வைத்துக்கொள்ளலாம்.

கண் சொட்டு மருந்தை விடாதே, காற்றில் போகும்போது கண்ணாடி போட்டுக்கொள், தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு சைக்கிளில் போகாதே. வாட்ஸ்அப்பில் தமிழைத் தமிழிலேயே எழுது, நீ படித்த பிள்ளை. உனக்கும் மாப்பிள்ளைக்கும் உன் அப்பாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உண்டு, மூச்சும் கையும் குறையில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். சபாவுக்கு எழுதியதும் ஒரு வரி சொல். இந்த மாசக் கடைசியில் அதே கல்யாணியை, இடத்தை மாற்றாமல், ஃபேன் போடாமல் பதிவு செய்து அனுப்பு. இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு கேட்பேன். ஒன்று என்றால் ஒன்று என்றே சொல்வேன். ஒன்றுமே இல்லை என்றால், கனிமொழியையும் முதுகைக் காட்டி உட்கார வைத்துக் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன்.

உன் அன்பு அம்மா,
ந. காவேரி